மடிப்பு விழுந்த வேட்டி

ஓடைக்கரை மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டை விட்டு வந்து இங்கேயே இருந்துவிட நினைக்கிறவர் புது வெள்ளை வேட்டி ஒன்று கொண்டுவர வேண்டும். மடத்துச் சாமி அதைக் காவிக்கல் கரைத்த அண்டாவில் முக்கிப் பிழிந்து கொடுப்பார். மந்திரம் கிடையாது, மாலை கிடையாது. ஒரே ஒரு கண்டிஷன். வேட்டியில் மடிப்பு இருக்கக் கூடாது. மடிப்பு இருந்தால் அங்கே காவி திட்டுத் திட்டாகப் பிடிக்கும்.

சனிக்கிழமை காலையில் குழந்தைவேல் வாத்தியார் வேட்டியோடு வந்து நின்றார். கஞ்சி போட்டு, கடையில் மடித்த தடம்கூடத் தெரியாமல் தேய்த்து, பாய் மாதிரிச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார்.

வாத்தியாருக்கு ஐம்பத்தாறு வயது. சாமிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. இருந்தாலும் குரு குருதான். லீவு நாளெல்லாம் வாத்தியார் இங்கேதான் கிடப்பார். அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறார். சட்டையில் ஒரு சுருக்கம் பார்க்க முடியாது. பிள்ளைகள் வைத்த பேர் 'இஸ்திரி சார்'.

சாமி அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"என்ன ஓய், வேட்டியும் கையுமா?"

"போதும் சாமி. விருப்ப ஓய்வு கொடுத்துட்டு இங்கேயே இருந்துடலாம்னு வந்தேன்."

"இன்னும் சர்வீஸ் கிடக்கே."

"ஒரு பொண்ணு முடிச்சு வச்சிட்டா."

நடந்தது இதுதான். முந்தின நாள் வகுப்பில் அடுக்குகள் பாடம். இரண்டின் அடுக்கு மூன்று, எட்டு. அதுவரை தகராறு இல்லை. இரண்டின் அடுக்கு மைனஸ் மூன்று என்ன என்று கேட்டார். பவதாரணி எழுந்து மைனஸ் எட்டு என்றாள். வருஷா வருஷம் யாராவது சொல்லுகிற பதில்தான். வாத்தியாரும் வருஷா வருஷம் சொல்லுகிறதைச் சொன்னார். "மைனஸைக் கண்டால் கீழே தூக்கிப் போடு. எட்டில் ஒன்று." எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். அவள் எழுதவில்லை.

"ரெண்டை மூணு தடவை பெருக்கலாம் சார். மைனஸ் மூணு தடவை எப்படிப் பெருக்குறது? மைனஸ்னா பூச்சியத்துக்குக் கீழே போகணும்ல? இது ஏன் மேலேயே நிக்குது?"

"விதி அது. எழுது."

"யார் சார் போட்ட விதி?"

வகுப்பு சிரித்தது. வாத்தியார் கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தார். திங்கட்கிழமை சொல்கிறேன் என்று சாக்பீஸை வைத்துவிட்டு வந்தவர்தான்.

"காரணம் தெரியாமலே இத்தனை வருஷம் ஓட்டியிருக்கேன் சாமி. கூட்டிக் கழிச்சுப் பார்த்தா நானே மைனஸ்லதான் நிக்கிறேன்."

"உம்ம கதை இருக்கட்டும். அந்தப் பிள்ளை?"

வாத்தியார் தலை குனிந்தார். "போன வருஷம் வரைக்கும் வாயே திறக்காது சாமி. இப்பத்தான் கேட்க ஆரம்பிச்சது. திங்கட்கிழமை நான் போகலேன்னா மறுபடி மூடிக்கும்."

சாமி கரண்டியை வைத்தார்.

"வேட்டியைத் தரையில விரிச்சுப் போடும்."

விரித்தார்.

"எத்தனை?"

"ஒண்ணு."

"மடிச்சீரா?"

"இன்னும் இல்லை."

"மடிக்காமலே ஒண்ணு இருக்குல்ல? சரி. பாதியா மடிச்சுப் போடும்."

"சாமி, மடிப்பு விழுந்துடும்..."

"மடிச்சுப் போடும்னா போடும் ஓய்."

மடித்தார்.

"தடிமன்?"

"ரெண்டு மடங்கு."

"இன்னொரு தடவை."

"நாலு."

"இன்னொரு தடவை."

"எட்டு. இது தெரிஞ்சதுதானே சாமி, இரண்டின் அடுக்கு மூணு."

காவிக்கல் அரைக்கிற குழவியைத் தூக்கிச் சாமி மடிப்பின் மேல் வைத்தார். வாத்தியார் தடுக்கக் கை நீட்டினார்.

"இவ்வளவு நேரம் பக்கவாட்டில பார்த்தீர். இப்ப மேலேயிருந்து பாரும். தரையில எவ்வளவு இடம் பிடிச்சிருக்கு?"

வாத்தியார் பார்த்தார். சற்றுமுன் வேட்டி முழுசாகக் கிடந்த தரையைப் பார்த்தார். மூலையில் மடிந்து கிடக்கும் வேட்டியைப் பார்த்தார்.

"எட்டில் ஒண்ணு..."

"தடிமனுக்குத் தனியா மடிச்சீரா, பரப்புக்குத் தனியா மடிச்சீரா?"

"இல்லை சாமி. அதே மூணு மடிப்புதான். அங்கே பெருக்கிச்சு, இங்கே வகுத்திருக்கு, அதான் மைனஸ் மூணு."

"பூச்சியத்துக்குக் கீழே போச்சா?"

"போகலை."

"இன்னும் மடிச்சா?"

"இன்னும் சிறுசாகும்."

"காணாமப் போகுமா?"

"எத்தனை மடிச்சாலும் போகாது. கொஞ்சமாவது இருக்கும்."

"எட்டையும் எட்டில் ஒண்ணையும் பெருக்கும்."

"ஒண்ணு."

"எது?"

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டிக்கொள்ள மறந்து கையிலேயே வைத்திருந்தார்.

"முழு வேட்டி, சாமி."

சாமி குழவியை எடுத்துக்கொண்டு அண்டாவுக்குத் திரும்பினார். வாத்தியார் வேட்டியை எடுத்து உதறினார். உதறின இடத்திலேயே நின்றார். குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். கஞ்சித் துணி, குழவி வேறு ஏறி உட்கார்ந்திருக்கிறது. விரலால் நீவிப் பார்த்தார். போகவில்லை. இஸ்திரி சாருக்கு அழுகை வரும்போல் இருந்தது.

"இது இனி காவிக்கு ஆகாது சாமி. நல்லாத் தேய்ச்சு எடுத்துக்கிட்டு அடுத்த சனிக்கிழமை வரட்டுமா?"

"தேய்ச்சுடாதேயும்" என்றார் சாமி, கிளறிக்கொண்டே. "கோடு இருந்தாத்தானே ஓய், திங்கட்கிழமை அந்தப் பிள்ளைக்கு எங்கே மடிக்கிறதுன்னு தெரியும்."