தொண்ணூற்றெட்டு மதிப்பெண் வாங்கிய சருகுமான்

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில், விலங்குகள் படிப்பதற்கென்றே ஒரு கல்லூரி இருந்தது. பெரிய இலவமரத்தின் நிழல்தான் வகுப்பறை. தேக்கிலைதான் தாள். முள்ளம்பன்றி உதிர்த்துவிட்டுப் போன முள்ளை எடுத்து, இலையில் கீறிக் கீறி மாணவர்கள் கட்டுரை எழுதுவார்கள். அவற்றைத் திருத்தி மதிப்பெண் போடுகிறவர் பேராசிரியர் கரடியார்.

அங்கே கொன்றை என்று ஒரு சருகுமான் படித்துவந்தாள். சருகுமான் என்றால் தெரியுமா, குழந்தைகளே? பெயரில்தான் மான். உருவத்தில் முயலைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். காய்ந்த இலைகளுக்கு நடுவே அசையாமல் நின்றால் கண்ணுக்கே தெரியாது.

கொன்றைக்கு எதையும் நேரில் போய்ப் பார்த்தால்தான் மனம் ஆறும். எறும்பைப் பற்றி எழுதச் சொன்னால், புற்றின் பக்கத்தில் நாள் முழுக்கப் படுத்துக் கிடப்பாள். பார்த்ததை அழகாகவும் எழுதுவாள். ஆனாலும் அவளுடைய மதிப்பெண் அறுபதைத் தாண்டியதே இல்லை.

அவளுடைய தோழன் சாத்தன் என்ற நரி. அவனுக்கு எப்போதும் தொண்ணூறு. எறும்புப் புற்று எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியாது. கொன்றைக்கு அது புரியவே இல்லை. பொறாமை என்று சொல்ல முடியாது. ஆனால் மதிப்பெண் சொல்லும் நாளில் எல்லாரும் இலவமரத்தைச் சுற்றி நிற்கும்போது, அவள் மட்டும் சருகோடு சருகாக நின்றுகொள்வாள்.

கடைசி ஆண்டு வந்தது. அந்த ஆண்டுக் கட்டுரையில் முதல் மதிப்பெண் வாங்குகிறவர் மேல்மலைக் கல்லூரிக்குப் போய்ப் படிக்கலாம். ஒரே ஓர் இடம்தான். மேல்மலையில் மேகம் தரையோடு நடந்துபோகும் என்று கொன்றை கேள்விப்பட்டிருந்தாள். மழை எப்படிப் பிறக்கிறது என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை.

கரடியார் தலைப்பைச் சொன்னார். "கோடையில் நம் காட்டில் ஊற்று எங்கே கிடைக்கும்? யோசித்து எழுதிக்கொண்டு வாருங்கள்."

அன்றைக்கே கொன்றை கிளம்பிவிட்டாள். முதலில் கரும்பாறைச் சரிவுக்குப் போனாள். கோடையில் கரும்பாறைச் சரிவில் தோண்டினால் ஊற்று வரும் என்பது கரடியார் வகுப்பில் அடிக்கடி சொல்லும் பாடம். கொன்றை குளம்பால் கிளறிப் பார்த்தாள். மண் மாவுபோல உதிர்ந்தது. ஒரு மண்புழுகூட அங்கே இல்லை. செடிகளெல்லாம் வேரோடு காய்ந்து நின்றன.

பிறகு காடெல்லாம் சுற்றினாள். வடக்கே ஒரு பள்ளத்தில் நாவல் மரங்கள் வரிசையாக நின்றன. சுற்றிலும் எல்லாம் வாடிக் கிடக்க, அந்த மரங்கள் மட்டும் பச்சைப் பசேலென்று இருந்தன. அவற்றின் அடியில் இருந்த மணலில் மஞ்சள் பட்டாம்பூச்சிகள் கூட்டமாக உட்கார்ந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தன. கொன்றை மணலில் மூக்கை வைத்தாள். சில்லென்று இருந்தது.

அவள் துள்ளிக்கொண்டு வந்து, பார்த்ததை எல்லாம் எழுதினாள். கரும்பாறையில் ஈரம் இல்லை என்பதையும், நாவல் பள்ளத்தில்தான் ஊற்று இருக்க வேண்டும் என்பதையும் காரணத்தோடு எழுதினாள். எழுதி முடித்ததும் சாத்தனிடம் காட்டினாள்.

சாத்தன் படித்தான். படித்துவிட்டுக் காதைச் சொறிந்தான்.

"நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதற்கும் அறுபதுதான் வரும்."

"ஏன்?"

"கரடி ஐயா கரும்பாறை என்கிறார். நீ அங்கே ஒன்றும் இல்லை என்கிறாய். அவர் பாடம் தப்பு என்று அவரிடமே எழுதிக் கொடுத்தால் அவர் மனம் குளிருமா? நான் தொண்ணூறு வாங்குவது எப்படி என்று நினைக்கிறாய்? ஐயா சொன்னதைத்தான் எழுதுவேன். கொஞ்சம் சொல்லை மாற்றிப் போடுவேன். அவர் படித்துவிட்டுத் தலையாட்டுவார்."

"நீ கரும்பாறைக்குப் போய்ப் பார்த்தாயா?"

"எதற்கு? அவர்தான் சொல்லிவிட்டாரே."

கொன்றை தன் இலையை மறுபடி எடுத்துப் பார்த்தாள்.

"உனக்கு மேல்மலை வேண்டுமா, வேண்டாமா?" என்று சாத்தன் கேட்டான். அவன் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த வழியைத் தோழிக்குச் சொல்லிக்கொடுத்தான். அவள் தன்னை முந்திவிடுவாள் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை.

கொன்றை அந்த இலையை மடித்து ஒரு புதருக்குள் வைத்தாள். புதிதாக ஓர் இலையை எடுத்தாள். முதல் வரியை எழுதும்போது கை கூசியது. இரண்டாவது வரி சுலபமாக வந்தது. அவள்தான் அழகாக எழுதுகிறவள் ஆயிற்றே. "கரும்பாறைச் சரிவில் முழங்கால் ஆழம் தோண்டினால் போதும், ஊற்று சிரித்துக்கொண்டே மேலே வரும்" என்று எழுதினாள். பாறையின் நிறம், அங்கே வீசும் காற்று, தண்ணீரின் சுவை எல்லாவற்றையும் எழுதினாள். இல்லாத தண்ணீர் அந்த இலையில் சலசலவென்று ஓடியது.

மதிப்பெண் சொல்லும் நாள் வந்தது. கேட்பதற்குக் காடே கூடியிருந்தது. கரடியார் ஓர் இலையை உயர்த்திப் பிடித்தார்.

"இத்தனை ஆண்டில் இப்படி ஒரு கட்டுரையை நான் படித்ததில்லை. கொன்றைக்குத் தொண்ணூற்றெட்டு."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளைச் சருகுக்குள் தேடிக் கண்டுபிடித்து முன்னால் தள்ளிவிட்டார்கள். கரடியார் கட்டுரையை உரக்கப் படித்தார். படிக்கப் படிக்க அவர் குரல் நெகிழ்ந்தது. சாத்தனுக்குத் தொண்ணூறுதான். அவன் வந்து, "பார்த்தாயா, நான் சொன்னேனே," என்றான். ஆனால் அவன் வால் தொங்கியிருந்தது.

கொன்றைக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஆனால் எல்லாரும் பாராட்டும்போது, இது நம் கட்டுரை இல்லையே என்று உள்ளே ஏதோ ஒன்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

அவள் மேல்மலைக்குக் கிளம்ப இன்னும் நாள் இருந்தது. அதற்குள் கோடை முற்றிவிட்டது. குட்டை வற்றியது. ஓடை நூலாகி, நூலும் அறுந்தது. விலங்குகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

கோரையம்மா என்ற காட்டுப்பன்றிக்கு நிறையக் குட்டிகள். அவள் எல்லாரையும் கூட்டி, "ஏன் கவலைப்படுகிறீர்கள்? நம் கொன்றைதான் எழுதி வைத்திருக்கிறாளே. கரும்பாறைச் சரிவுக்குப் போவோம்," என்றாள். "அன்றைக்கு ஐயா படித்துக் காட்டினாரே, எழுத்து தெரியாத எனக்கே எல்லாம் புரிந்தது. அவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிற பிள்ளை தப்பாகவா சொல்லும்?"

கூட்டம் கிளம்பியது. பன்றிகளும் மான்களும் முயல்களும் வெயிலில் வரிசையாகப் போயின. செய்தி கேட்டுக் கொன்றை பின்னால் ஓடினாள். சாத்தனும் ஓடினான்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கரும்பாறைச் சரிவில் ஒரே புழுதியாக இருந்தது. கோரையம்மா முன்னால் நின்று கோரைப் பற்களால் மண்ணை முட்டி முட்டித் தோண்டிக்கொண்டிருந்தாள். அவள் மூக்கு கிழிந்து ரத்தம் கசிந்தது. குட்டிகள் பாறை நிழலில் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிடந்தன. கடைக்குட்டி கண்ணைத் திறக்கவே இல்லை.

கோரையம்மா கொன்றையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். "வந்துவிட்டாயா கண்ணு? நீ சொன்ன ஆழத்துக்கு மேலேயே தோண்டிவிட்டோம். நாங்கள்தான் சரியாகத் தோண்டவில்லை போலிருக்கிறது. எந்தப் பக்கம் என்று கொஞ்சம் காட்டு."

கொன்றை அந்தக் குழியை எட்டிப் பார்த்தாள்.

சாத்தன் அவள் காதருகே வந்தான். "ஒன்றும் சொல்லாதே. இன்னும் ஆழமாகத் தோண்டச் சொல். தண்ணீர் வராவிட்டால் அவர்களே களைத்துப் போய்த் திரும்பிவிடுவார்கள். நீ வாயைத் திறந்தால் மேல்மலை போய்விடும்."

"அந்தக் குட்டி?" என்றாள் கொன்றை.

சாத்தன் குட்டியைப் பார்த்தான். மெல்ல விலகி அவளுக்கு வழிவிட்டான்.

அந்த நேரம் பார்த்துக் கரடியாரும் மூச்சு வாங்க அங்கே வந்து சேர்ந்தார். தன் மாணவியின் கட்டுரையை நம்பிக் காடே திரண்டிருக்கிறது என்று கேட்டு, பெருமையோடு பார்க்க வந்திருந்தார்.

கொன்றை எல்லாருக்கும் நடுவே போய் நின்றாள்.

"கோரையம்மா, தோண்ட வேண்டாம். இங்கே தண்ணீர் இல்லை. எழுதுவதற்கு முன்பே எனக்குத் தெரியும். மதிப்பெண்ணுக்காக மாற்றி எழுதினேன்."

தோண்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். புழுதி மெல்ல அடங்கியது. கோரையம்மா கோபப்பட்டிருந்தால்கூடக் கொன்றைக்குத் தேவலை போலிருந்திருக்கும். அவள் கோபப்படவில்லை. கிழிந்த மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்படியானால் எங்கேதான் இருக்கிறது?" என்று மட்டும் கேட்டாள்.

"என் பின்னால் வாருங்கள்," என்றாள் கொன்றை.

கடைக்குட்டியைக் கரடியார் முதுகில் தூக்கி வைத்துக்கொண்டார். கூட்டம் நாவல் பள்ளத்துக்குப் போனது. பட்டாம்பூச்சிகள் உட்கார்ந்திருந்த இடத்தைக் கொன்றை காட்டினாள். கோரையம்மா மறுபடியும் முட்டினாள். இரண்டாவது முட்டிலேயே மணல் கறுத்தது. பிறகு குழியின் அடியில் கலங்கலாக ஒரு பளபளப்பு தெரிந்தது. அது மெல்ல மெல்ல ஏறி, தெளிந்து, குழி நிறைந்தது. கடைக்குட்டியின் வாயில் முதல் துளிகளை விட்டார்கள். அது கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தது. பிறகு நாக்கை நீட்டி நக்கியது.

எல்லாரும் குடித்து முடித்த பிறகுதான் கரடியார் கொன்றையை அழைத்தார்.

"இதையெல்லாம் முன்பே எழுதினாயா?"

"எழுதினேன் ஐயா. உங்களுக்குப் பிடிக்காது என்று ஒளித்து வைத்துவிட்டேன்."

கரடியார் குனிந்து அந்தத் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தார்.

"என் இளமையில் கரும்பாறைச் சரிவில் ஊற்று இருந்தது. நானே குடித்திருக்கிறேன். அதற்குப் பிறகு நான் அங்கே போகவே இல்லை. போகாமலே வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ எழுதிக் கொடுத்திருந்தால் எனக்குப் பிடித்திருக்காதுதான். ஆனால் எனக்குப் பிடிக்காத ஒன்றைப் படிக்க எனக்கு ஒரு வாய்ப்பு கிடைத்திருக்கும்."

கொன்றை தலையைக் குனிந்துகொண்டாள்.

"தொண்ணூற்றெட்டை அழித்துவிடப் போகிறேன்," என்றார் கரடியார். "சாத்தனின் தொண்ணூற்றையும் அழிக்கிறேன். எல்லாரும் மறுபடி எழுதுங்கள். உண்மையைச் சொன்னதற்காக உனக்குத் தனியாக மதிப்பெண் தர மாட்டேன், கொன்றை. மதிப்பெண் கட்டுரைக்குத்தான்."

"சரி ஐயா," என்றாள் அவள். அன்றைக்குத்தான் அவளுக்கு நெஞ்சு லேசானது.

சாத்தன் அவள் பக்கத்தில் வந்து நின்றான். "எனக்கு ஒன்றும் பார்க்கத் தெரியாது, கொன்றை. எங்கே போய்ப் பார்ப்பது, எதைப் பார்ப்பது? முதலில் என்னைக் கூட்டிக்கொண்டு போ. பிறகு எழுதுகிறேன்."

இருவரும் காடெல்லாம் சுற்றினார்கள். கொன்றை பழைய இலையை அப்படியே கொடுத்துவிடவில்லை. அதைப் படித்துப் பார்த்தபோது, பார்த்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டியிருப்பது அவளுக்கே தெரிந்தது. எது காரணம், எது முடிவு என்று பிரித்தாள். தனக்கு உறுதியாகத் தெரியாததைத் தெரியாது என்றே எழுதினாள். கரும்பாறையில் ஒரு காலத்தில் ஊற்று இருந்தது என்று கரடியார் சொன்னதையும் சேர்த்து, அது ஏன் வற்றியிருக்கலாம் என்று யோசித்து எழுதினாள்.

இந்த முறை கரடியார் இலவமரத்தடியில் உட்கார்ந்து திருத்தவில்லை. ஒவ்வொரு கட்டுரையையும் கையில் எடுத்துக்கொண்டு, அதில் சொன்ன இடத்துக்கே நடந்து போனார். சாத்தனுக்கு எழுபது கிடைத்தது. அவன் முதன்முதலாகத் தன் கண்ணால் பார்த்து எழுதிய கட்டுரை அது. அந்த எழுபதை அவன் காட்டில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

கொன்றையின் இலையில் பல இடங்களில் கரடியார் கேள்வி எழுதியிருந்தார். இரண்டு இடங்களில் "இதை நான் ஒப்புக்கொள்ளவில்லை" என்றும் எழுதியிருந்தார். அடியில் தொண்ணூற்றிரண்டு போட்டிருந்தார். அந்த ஆண்டு அதுதான் முதல் மதிப்பெண்.

மேல்மலைக்குக் கிளம்பும் நாளில் கொன்றை அவரிடம் கேட்டாள். "ஒப்புக்கொள்ளாமலே இவ்வளவு மதிப்பெண் போட்டிருக்கிறீர்களே, ஐயா?"

கரடியார் சிரித்தார். "தொண்ணூற்றெட்டு போட்டபோது உன் கட்டுரையில் நான் என்னையே படித்துக்கொண்டிருந்தேன். இந்த முறைதான், அம்மா, உன்னைப் படித்தேன்."

நீதி: நாம் எழுதுவதை நம்பி நடக்க யாரோ ஒருவர் இருக்கிறார், மதிப்பெண்ணுக்காகக்கூட அவரை ஏமாற்றக் கூடாது.