கீழ்மடை படுத்துக்கொண்ட கதை

ஒரே ஒரு நாட்டிலே ஒரே ஒரு ராஜா இருந்தாராம். ராஜா முழுதாக இருந்தார். நாடுதான் பாதி இருந்தது. மீதியைப் பெருவெள்ளம் கடலுக்குக் கொண்டுபோயிருந்தது.

ராஜாவின் பெயர் செங்கோடமாறன். அவர் நாட்டிலேயே அதிகம் அடிபட்ட ஊர் கீழ்மடை. வீடு போச்சு, மாடு போச்சு, வயலுக்குத் தண்ணீர் கொண்டுவந்த வாய்க்கால் மண்மூடி மேடாகிவிட்டது. சேதி கடல் தாண்டிப் போயிற்று. வெண்பாறைத் தீவின் அரசர் மனம் இளகி, மாசாமாசம் ஒரு கப்பல் அரிசி அனுப்பினார். கீழ்மடை மக்கள் சொந்தக் காலில் நிற்கும் வரை இந்த உதவி தொடரும் என்பது அவர் கொடுத்த வாக்கு.

கப்பலோடு வந்த தூதர் தோமாரு நல்ல மனிதர். ஆனால் தமிழை ஏட்டில் படித்தவர். ஒரு சொல்லுக்கு ஒரே பொருள்தான் இருக்க முடியும் என்று நம்புகிறவர்.

இந்த அரிசி ஒருவருக்கு மட்டும் பிடிக்கவில்லை. அவர் பிரதானி உமையொருபாகர். அவருடைய மைத்துனர் நல்ல விலைக்கு விற்கலாமென்று நெல்லைப் பதுக்கி வைத்திருந்தார். கப்பல் வந்தபிறகு அந்த நெல்லை எலிகள்தான் விசாரித்தன.

ஒருநாள் பிரதானி தூதரைக் கீழ்மடைக்கு அழைத்துப் போனார். அரிசி வாங்க ஊரே வரிசையில் நின்றது. எல்லாரும் எதில் நிற்கிறார்கள், பாருங்கள் என்றார். தூதர் குனிந்து பார்த்தார். கால்கள். யாருடைய கால்கள் என்று விசாரித்தார். அவரவர் கால்தான். அப்புறமென்ன, வேலை முடிந்தது, நாளைக்கே கப்பலைத் திருப்புகிறேன் என்று தூதர் ராஜாவிடம் வந்து சொல்லி, வாழ்த்தும் சொன்னார்.

ராஜா கணக்குப் போட்டுப் பார்த்தார். வயலில் தண்ணீர் இல்லை, தண்ணீர் இல்லாமல் விதைப்பு இல்லை. கப்பலும் போய்விட்டால் கீழ்மடை பட்டினியில் போய்விடும். சபையில் வாயாடி என்று பெயர் வாங்கிய தாண்டவக்கோனைக் கூப்பிட்டு, ஏதாவது செய்யப்பா என்றார். தாண்டவக்கோன் தூதரிடம், கிளம்புமுன் ஒருதரம் ஊரைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டு கீழ்மடைக்கு ஓடினான்.

மறுநாள் ராஜாவும் தூதரும் பிரதானியும் போய்ப் பார்த்தால், ஊரே படுத்திருந்தது. தெருவில், களத்தில், கோயில் வாசலில், மல்லாந்தும் குப்புறவும். ஒருவர் படுத்தபடியே இன்னொருவருக்குச் சவரம் செய்தார். இருவர் முகத்திலும் பயம். ஒரு கல்யாணம்கூட நடந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் அக்கினியை உருண்டே சுற்றினார்கள். நடுத்தெருவில் தாண்டவக்கோன் படுத்தபடி ராஜாவுக்கு ஒரு கும்பிடு போட்டான்.

"ஐயா, பார்த்து மிதிங்க. அது என் வயிறு," என்றாள் தூதரின் வழியில் கிடந்த செல்லாயி. "காலியா இருக்கவும் தரைன்னு நெனச்சிட்டீங்க."

பிரதானி பார்த்தார். "பாம்பு, பாம்பு" என்று ஒரு கத்துக் கத்தினார்.

ஊர் துள்ளி எழுந்து ஓடியது. மாப்பிள்ளைதான் எல்லாருக்கும் முன்னால்.

"பார்த்தீர்களா தூதரே, எத்தனை கால்?" என்றார் பிரதானி.

தாண்டவக்கோன் மட்டும் எழுந்திருக்கவில்லை. "ஓடினார்கள். யாராவது நின்றார்களா?"

தூதர் வெகுநேரம் யோசித்து, ஒருவரும் நிற்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். பாம்பு இல்லையென்று தெரிந்ததும் ஊர் திரும்பிவந்து, அவரவர் இடத்தில் படுத்துக்கொண்டது. தூதருக்குத் தலை சுற்றியது. இவர்கள் எப்போதுதான் நிற்பார்கள் என்று கேட்டார்.

"கால் ஓடினால் நிற்பார்கள்."

"கால் ஓடினால் எப்படி நிற்க முடியும்?"

தாண்டவக்கோன் மண்மேட்டைக் கைநீட்டிக் காட்டினான். "அதன் பெயர் வாய்க்கால் ஐயா. இத்தனை மாசம் வாய்க்குக் கொடுத்தீர்கள். பெரிய உபகாரம். கால் பாக்கி இருக்கிறது."

தூதர் அந்தச் சொல்லை இரண்டாகப் பிரித்தார், சேர்த்தார், மறுபடி பிரித்தார். பிறகு முதல்முறையாகச் சிரித்தார். வாய்க்காலில் தண்ணீர் ஓடி, அறுவடை வீடு சேரும் வரை அரிசி நிற்காது என்றார். கப்பலில் இருக்கும் மண்வெட்டி, கூடை எல்லாவற்றையும் இறக்கச் சொன்னார். வெட்டுவதற்குத் தீவிலிருந்து ஆள் அனுப்பட்டுமா என்றும் கேட்டார்.

செல்லாயி எழுந்து உட்கார்ந்தாள். "எதுக்குங்க? தண்ணி எந்தப் பக்கம் வளைஞ்சு வரும்னு எங்களுக்குத் தெரியும். கஞ்சியும் மண்வெட்டியும் இருந்தா போதும்."

ஊர் எழுந்தது. பிரதானி இத்தனை பாடுபட்டது எதற்கென்று ராஜாவுக்கும் விளங்கிவிட்டது. மைத்துனரின் களஞ்சியத்தில் எலி மிச்சம்வைத்த நெல் விதைக்கு என்று ராஜா உத்தரவு போட்டார். பிரதானியைத் திரும்பிப் பார்த்து, "ஊரே படுத்திருந்தபோதும் நீர் சொந்தக் காலில் நின்றீர். போய்க் கூடையை எடும்," என்றார்.

எல்லாரும் மண்மேட்டுக்குப் போனார்கள். தெருவில் தாண்டவக்கோன் மட்டும் கிடந்தான். இன்னும் ஏனப்பா படுத்திருக்கிறாய், வேண்டிய பரிசைக் கேள் என்றார் ராஜா.

"கால் மரத்துப்போச்சு மகாராஜா. சொந்தக் காலில் நிற்கும் வரை உங்கள் தோளைக் கொடுத்து உதவினால் போதும்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு குனிந்து தோளைக் கொடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டு தாண்டவக்கோன் நொண்டி நொண்டி வாய்க்கால் பக்கம் நடந்துபோனான்.