எவர்சில்வர் ஏணிக்குத் திருஷ்டிப் பொட்டு

தென்காசிப் பக்கம், சாரல் காற்று சும்மா வந்து சும்மா போகிற ஓர் ஊரில், ஆவுடையப்பன் ஒரு விடுதி கட்டினார். விடுதியில் நீச்சல் குளம். குளத்தில் இறங்க எவர்சில்வர் ஏணி. குளத்தைப் பார்த்துக்கொள்ள மாடக்கண்ணு, கொம்பையா, லெச்சுமணன் என்று மூன்று பேர். மூவரையும் அந்த வட்டாரத்தில் வேறு யாரும் வேலைக்கு வைக்க மாட்டார்கள். ஏற்கெனவே வைத்துப் பார்த்துவிட்டார்கள்.

ஒரு நாள் காலையில் ஏணியின் கைப்பிடியில் பழுப்புக் கறை படிந்திருந்ததை முதலாளி பார்த்தார்.

“சாயங்காலம் கல்யாணக் கோஷ்டி வருது. அதுக்குள்ள ஒரு கறை இருந்தாலும் மூணு பேரும் மூட்டையக் கட்டிருங்கல. கம்பி நார் போடாதீங்க, கீறல் விழும். சோப்புத் தண்ணி தொட்டு, பச்சப்புள்ள முகத்தத் துடைக்கிற மாதிரி துடைக்கணும். கறை எங்கேருந்து வருதுன்னு பாத்து அதையும் தேய்க்கணும். இல்லன்னா திரும்பத் திரும்ப வரும்.”

கடைசியாகச் சொன்னது, ஏணியில் சாய்ந்து கிடந்த துருப்பிடித்த இரும்பு நாற்காலியைப் பற்றி. ஆனால் அவர் நாற்காலியைச் சுட்டிக் காட்டியபோது மூவரும் அவர் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கொம்பையா ஏணியின் கழுத்தைத் தாங்கிப் பிடித்தான். லெச்சுமணன் கண்ணில் சோப்பு படாமல் துடைத்தான். மாடக்கண்ணு தாலாட்டுப் பாடினான். பழுப்பெல்லாம் போய், மழை விட்ட வெயில் மாதிரி ஏணி மின்னியது. பவுடர் போட்டார்கள். இவ்வளவு அழகுக்கு யார் கண்ணாவது பட்டுவிடுமே என்று பயந்து, கண்மையில் பெரிதாக ஒரு திருஷ்டிப் பொட்டும் வைத்தார்கள்.

“என்னல இது?” என்றார் முதலாளி.

“கன்னத்துல வைக்கணும்னுதான் பாத்தோம் முதலாளி. கன்னம் எதுன்னு தெரியல.”

“அழிங்கல!”

அழித்தார்கள். பளபளப்பு இன்னும் கூடியது. குனிந்து பார்த்த கொம்பையா அலறினான்.

“ஏலே, புதுசா ஒரு கறை! மீசை வச்சிருக்கு!”

லெச்சுமணன் எட்டிப் பார்த்தான். “மீசையெல்லாம் இல்ல. பல்லுதான் எத்திட்டு இருக்கு.”

“அப்ப ரெண்டு கறை.”

“மூணு,” என்றான் மாடக்கண்ணு. “மூணாவது கொஞ்சம் லட்சணமா இருக்கு.”

தேய்க்கத் தேய்க்கக் கறை தெளிவாகிக்கொண்டே வந்தது. வெயில் சாய்ந்தது. சமையல்கட்டிலிருந்து சொதி வாசனை வந்தது. “இனி நமக்கு யாருல சோறு போடுவா?” என்று கொம்பையா அழுதான். கறையும் அழுதது. அதைப் பார்க்க அவனுக்கு இரக்கமாக இருந்தது, இன்னும் அழுதான்.

“தள்ளி நில்லுங்கல,” என்றான் மாடக்கண்ணு.

தள்ளி நின்றார்கள். கறை இல்லை.

“பாத்தியா? கறை நம்ம மூஞ்சிலேருந்துதான் வருது.”

ஒருவர் முகத்தை ஒருவர் சோப்புப் போட்டுத் தேய்த்தார்கள். கிட்டே போனால் கறை பழையபடி வந்தது. கடைசியில், ஏணிப் பக்கமே போகாமல் தென்னை மரத்தடியில் நிற்பது என்று முடிவாயிற்று.

வாசலில் கல்யாண வேன் ஹாரன் அடித்தது. முதலாளி ஓடிவந்து, கைப்பிடியில் குனிந்து பார்த்தார்.

“போச்சுல! எல்லாத்தையும்விடப் பெரிய கறை!” என்று தென்னை மரத்தடியிலிருந்து அலறினான் கொம்பையா.

மூவரும் பாய்ந்தார்கள். சோப்புத் துணியால் முதலாளியின் முகத்தை, பச்சப்புள்ள முகம் மாதிரியே, பதமாகத் துடைத்தார்கள். அவர் திமிறினார், வழுக்கினார், தொபுக்கென்று கழுத்தளவுத் தண்ணீரில் விழுந்தார்.

கைப்பிடியில் கறை இல்லை.

அவர் ஏணியைப் பிடித்து ஏறப் பார்த்தார். கறை வந்தது. லெச்சுமணன் அவர் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான். “உள்ளயே இருங்க முதலாளி. எங்க வேலை போயிரும்.”

கல்யாணக் கோஷ்டி குளத்தைச் சுற்றி வந்து நின்றது. “தண்ணிக்குள்ள யாருப்பா?” என்று கேட்டாள் மாப்பிள்ளையின் தாய்.

“ஏணியில இருந்த கறைதான் அம்மா,” என்றான் கொம்பையா. “எடுத்துத் தண்ணியில போட்டுட்டோம்.”

அத்தனை பேரும் முதலாளியையே பார்த்தார்கள். சோப்புப் போட்ட முகம் அந்தி வெளிச்சத்தில் தாமரை மாதிரி இருந்தது. இத்தனை கண்ணும் பட்டால் தாங்குமா என்று மாடக்கண்ணுவுக்குக் கவலை வந்தது. மை டப்பாவைத் திறந்துகொண்டு அவர் பக்கம் குனிந்தான்.

இந்தத் தடவை கன்னம் எதுவென்று தெரிந்தது.