நரியின் பின்னால் வந்த எறும்புகள்

ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒரு தாழங்காடு. அங்கே ஒரு நரி இருந்தது. கரையோர வளையில் ஒரு நீர்நாய், தன் இரண்டு குட்டிகளோடு இருந்தது.

குட்டிகள் கண் திறக்காத பருவத்தில் ஊர் நாய்கள் வளையைத் தோண்ட வந்தன. நரி ஊளையிட்டு, அவற்றைத் தன் பின்னால் ஓடவைத்துக் குட்டிகளைக் காப்பாற்றியது. அன்றிலிருந்து நீர்நாய்க்கு நரி அண்ணன். நரிக்கு நீர்நாய் தங்கச்சி.

நல்ல நரிதான். நாக்குதான் பொல்லாதது. காட்டின் ஓரத்தில் பதநீர் காய்ச்சும் கொட்டகை ஒன்று உண்டு. கருப்பட்டி வார்த்தெடுத்த தேங்காய்ச் சிரட்டைகளை, ஒட்டிய பாகோடு பின்புறம் குவித்து வைப்பார்கள். நரி ஒருநாள் ஒரு சிரட்டையை நக்கிப் பார்த்தது. அவ்வளவுதான்! நண்டும் எலியும் கசந்துபோயின. விடிந்தால் சிரட்டை, பொழுது சாய்ந்தால் சிரட்டை.

வயிறு தொங்கியது. எவ்வளவு குடித்தாலும் தாகம் அடங்கவில்லை. கொஞ்சம் ஓடினாலே மூச்சு வாங்கியது. காலில் முள் குத்திய புண் ஆறவே இல்லை.

நீர்நாய் பயந்துபோய் நரியை நாரை வைத்தியரிடம் அழைத்துச் சென்றது. நாரை தன் நீண்ட அலகை நரியின் வாய்க்குள் விட்டுப் பார்த்தார்.

"உன் உடம்புக்குள்ளே ஆயிரம் கதவு இருக்கப்பா. இனிப்பு வந்து தட்டினால் திறந்து உள்ளே விடும். நீ ஓயாமல் தட்டினாய். கதவெல்லாம், 'போடா, உனக்கு வேற வேலை இல்லை!' என்று சாத்திக்கொண்டது. உள்ளே போகமுடியாத இனிப்பு ரத்தத்திலே அலையுது!"

"மருந்து?" என்றது நரி, பரிதாபமாக.

"நெய்ப்பிடிப்பான சாளை மீன் சாப்பிடு. அந்த எண்ணெய் கதவின் கீலுக்குக் கொஞ்சம் உதவும். ஆனால் வாசலில் கூட்டம் குறையாமல் கீலுக்கு மட்டும் எண்ணெய் விட்டு என்ன பயன்? தித்திப்பை விடு. தினமும் நட!"

"நான் பிடித்துத் தாரேன் அண்ணே! நீங்க வாயை மட்டும் கட்டுங்க!" என்றது நீர்நாய்.

"கட்டிட்டேன் தங்கச்சி!" என்றது நரி.

நீர்நாய் தினமும் கொழுத்த சாளைகளை நரிக்குக் கொடுத்தது. குட்டிகளுக்கு முள் நிறைந்த பொடிமீன்தான். நரி சாளையைத் தின்று உதட்டைத் துடைத்துக்கொள்ளும். உச்சி வெயிலில் ஊரே கண்ணயரும்போது கொட்டகைக்கு நழுவும். 'அதான் மருந்து சாப்பிட்டாச்சே! ஒரு சிரட்டை என்ன செய்துவிடும்?' என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும். ஒரு சிரட்டை இரண்டாகும், இரண்டு நாலாகும்.

புண் பெரிதானது. நரி எரிந்து விழுந்தது.

"உன் மீன் சரியில்லை தங்கச்சி! எண்ணெயே இல்லாத சப்பை மீனாகப் பார்த்துக் கொண்டுவருகிறாய்!"

நீர்நாய்க்கு முகம் சுருங்கிவிட்டது. உயிர் காத்த அண்ணனுக்கு நல்ல மீன்கூடப் பிடித்துத் தரத் துப்பில்லையே என்று வெட்கப்பட்டது. மறுநாள் அலை அடிக்கும் கடல்வாய்க்கே நீந்திப் போனது. அங்கே ஒரு வலையில் சிக்கி, தோல் கிழிந்து, எப்படியோ தப்பி வந்தது. வாயில் ஒரே ஒரு சாளை. நல்ல கொழுத்த சாளை.

நீர்நாய் வந்து சேர்ந்தபோது நரி அதன் வளை வாசலில் காத்திருந்தது. நாரையும் புண்ணைப் பார்க்க வந்திருந்தார். குட்டிகள் பசியில் சுருண்டு கிடந்தன. கடைக்குட்டியின் முன்னால் எறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

"எறும்பக்கா, எங்கே போறீங்க? சாப்பாடு கிடைக்குமா? நானும் வரட்டுமா?" என்று கேட்டது கடைக்குட்டி.

"உனக்கு ஆகாதுடா செல்லம்! நரியண்ணன் ஒன்றுக்கு ஒதுங்கும் புதருக்குப் போறோம். அங்கே மண்ணெல்லாம் தித்திப்பு! கொட்டகைச் சிரட்டையை எல்லாம் அவரே வழித்து நக்கிவிடுகிறார். எங்களுக்கு அதுதானே மிச்சம்!"

நாரை வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நரிக்கு உடம்பெல்லாம் கூசியது.

'திட்டு தங்கச்சி! நாலு வார்த்தை திட்டிவிடு!' என்று மனதுக்குள் கெஞ்சியது.

நீர்நாய் திட்டவில்லை. ரத்தம் கசிந்த தோளோடு மெல்ல நகர்ந்து வந்து, அந்தச் சாளையை நரியின் முன்னால் வைத்தது.

"சாப்பிடுங்க அண்ணே. புண் இன்னும் ஆறலையே."

அந்த ஒரு வார்த்தை நரியைக் கொன்றுவிட்டது. அது தலை நிமிரவே இல்லை. மூக்காலேயே மீனைக் குட்டிகளின் பக்கம் தள்ளியது.

"மருந்து பொய்க்கவில்லை தங்கச்சி. நான்தான் பொய் சொன்னேன். உன் பிள்ளைகள் வயிற்றிலே அடித்துத் தின்றிருக்கேன். நாய்கிட்டே இருந்து காப்பாற்றினேன், என்கிட்டே இருந்து காப்பாற்றலையே!" என்று விம்மியது.

அதன்பிறகு நரி கொட்டகைப் பக்கம் போகவில்லை. கருப்பட்டி வாசனை வந்தால் எதிர்த்திசையில் நடந்தது. நீர்நாயின் தோள் ஆறும்வரை, சேற்றில் நொண்டி நொண்டி நண்டு பிடித்துக் குட்டிகளுக்குக் கொடுத்தது. பிறகு குட்டிகள் தின்று மிஞ்சிய சாளையை மட்டும் வாங்கிச் சாப்பிட்டது. மெல்ல மெல்லத் தாகம் தணிந்தது. வயிறு வற்றியது. புண்ணும் ஆறியது.

ஆனால் இன்றைக்கும் எறும்பு வரிசையைக் கண்டால் நரி தலையைக் குனிந்துகொண்டு சுற்றுவழியில்தான் போகிறது.

வாயைக் கட்டாமல் மருந்தைப் பழிப்பவன், தன் நோயைத் தீர்த்துக்கொள்ளாததோடு, தனக்காகப் பாடுபடுகிறவர்களையும் பட்டினி போடுகிறான்.