செக்சம் படித்த கோப்பு

ஒரு புற்றுநோய் மருத்துவமனையின் கணினிக்குள் செக்சம் என்றொருவன் இருந்தான். வெறும் சொல்லோ, பெரிய கோப்போ, கையில் கொடுத்ததை ஓர் எழுத்துகூட விடாமல் படித்து, அதற்கென்று ஒரு முத்திரை இடுவான். ஓர் எழுத்து மாறினாலும் முத்திரை மாறிவிடும். அவனைப்போல் படிக்க இன்னொருவன் பிறந்துதான் வரவேண்டும்.

டாக்டரின் கணினியிலிருந்து கதிர்வீச்சு எந்திரத்துக்குக் கோப்புகள் வரும். புறப்படும்போது ஒரு முத்திரை, வந்து சேர்ந்ததும் ஒரு முத்திரை. இரண்டும் ஒத்துப்போனால், காவலுக்கு எழுதிவைத்த நிரலான ஸ்கிரிப்ட் எந்திரத்தின் கதவைத் திறப்பான்.

அன்று செவந்தியம்மாவின் கோப்பு வந்தது. அந்தம்மா எந்திரத்தின்கீழ் படுத்தாயிற்று.

"நான் சரி," என்றான் கோப்பின் பெயர்.

"நானும் கூடவில்லை, குறையவில்லை," என்றான் கோப்பின் அளவு.

ஸ்கிரிப்ட் நீட்டியதைப் படித்துச் செக்சம் முத்திரையிட்டான். இரண்டும் ஒன்றுதான். ஆனால் அவன் முகம் தெளியவில்லை.

"அண்ணே, நீங்க கொடுத்தது கோப்போட பெயரைத்தான். கோப்பைத் திறக்கவே இல்லையே?"

"எனக்கு எழுதிவைத்தபடி செய்கிறேன். உனக்கெதுக்கு வீண் வம்பு?" ஸ்கிரிப்ட் கதவில் கைவைத்தான்.

கணினிக்கு வெளியே, ஸ்கிரிப்டை எழுதிய நிலோஃபர் திரையைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"எபி அண்ணே, பொத்தானை அழுத்தாதீங்க! நேத்து டாக்டர் டோஸை மாத்தினாங்கல்ல? முத்திரை மட்டும் எப்படி மாத்துறதுக்கு முன்னாடி இருந்ததாவே இருக்கு?"

எந்திரத்தை இயக்கும் எபனேசர் கையை எடுத்தார். "கோப்புக்குப் பேரு அதேதானே மேடம்?"

"பேரு அதேதான்... அய்யோ! பேரைத்தான் படிக்கக் கொடுத்திருக்கேன்!"

அவள் அந்த வரியைத் திருத்தினாள். இப்போது ஸ்கிரிப்ட் இருபுறமும் கோப்பையே திறந்து கொடுத்தான். செக்சம் படித்தான். இரண்டு முத்திரையும் வேறு வேறு!

வந்து சேர்ந்த கோப்பில், டோஸ் 2.0 என்றிருக்க வேண்டிய இடத்தில், புள்ளி வழியில் சிதைந்து சுழியமாகி, 200 என்று நின்றது. பெயர் தலைகுனிந்தான். ஸ்கிரிப்ட் கதவிலிருந்து கையை எடுத்தான்.

கோப்பு மறுபடி வந்தது. செக்சம் முதல் எழுத்திலிருந்து தொடங்கினான்.

அளவுக்குப் பொறுக்கவில்லை. "கெட்டது ஒரு புள்ளிதானே? அதை மட்டும் பாரேன். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே!"

செக்சம் படிப்பதை நிறுத்தாமலே சொன்னான்: "அங்கே படுத்திருக்கிறது சோறு இல்லை அண்ணே, செவந்தியம்மா."