மடியில் முடிந்த பித்தளைச் சக்கரம்

மருதப்ப ஆசாரியிடம் இரண்டு சீடர்கள். பொன்னுத்துரைக்குக் குருவைவிட நாலு வயது கூட. பஞ்சு மில்லை இழுத்து மூடிய பிறகு தச்சு கற்க வந்தவர். சவரிமுத்து அவருக்கு அடுத்த வருஷம் வந்தார். பின்னால் வந்தவன் முன்னால் போனால் யாருக்குத்தான் பொறுக்கும்? "சவரிமுத்து வேலையா, அப்போ சரி" என்று ஊரில் யாராவது சொன்னால் போதும், பொன்னுத்துரைக்கு வயிறு எரியும். அன்றைக்குச் சோறு இறங்காது.

பட்டறையில் ஒரு கட்டுப்பாடு. அவரவர் இழைப்புளியை அவரவரே செப்பனிட்டுக்கொள்ள வேண்டும். கூடமாட ஒத்தாசை செய்யலாம், ஆனால் இழைப்புளி இரவல் கிடையாது. ஒருவர் பலகையில் இன்னொருவர் இழைப்புளி வைக்கவும் கூடாது.

இருவரிடமும் இருந்தவை ஒரே அச்சில் வார்த்த பழைய சீமை இழைப்புளிகள். பொன்னுத்துரையுடையதில் மரம் சீவும் தகட்டை இறுக்கும் திருகாணி இல்லை. சவரிமுத்துவுடையதில் தகட்டை ஏற்றி இறக்கும் பித்தளைச் சக்கரம் இல்லை. இப்போது கடையில் விற்கிற எதுவும் அந்தப் பழைய திருகுப் புரிக்குச் சேராது.

ஆசாரி ஒரு புதுவீட்டின் தலைவாசல் கதவை ஒப்புக்கொண்டார். இரட்டைக் கதவு. ஆளுக்கு ஒரு பலகை.

"வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுறாங்க. வியாழக்கிழமையே கதவு நிக்கும்னு வாக்குக் கொடுத்துட்டேன். யார் இழைப்பு சுத்தமா இருக்கோ, வேட்டி துண்டு மரியாதையை அவரே வாங்கிக்கட்டும்" என்றார்.

மறுநாள் பொன்னுத்துரை பழைய இரும்புக் கடைக்குப் போனார். குவியலைக் கிளறிக் கிளறி, அடிப்பாகம் வெடித்த ஓர் இழைப்புளியைக் கண்டெடுத்தார். அதே அச்சு. திருகாணி இருந்தது. பித்தளைச் சக்கரமும் இருந்தது.

"இது காலையிலதான் வந்துச்சு. நேத்து சவரிமுத்து இந்த மாதிரிச் சக்கரத்தைத்தான் கேட்டுட்டுப் போனாரு" என்றார் கடைக்காரர்.

"அப்படியா? நானே கொடுத்துடுறேன்" என்றார் பொன்னுத்துரை. சக்கரத்தைக் கழற்றி வேட்டி மடியில் முடிந்துகொண்டார்.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். அவருக்குப் பட்டறைக்குள்ளும் பயம்.

திருகாணி கச்சிதமாக ஏறியது. அதைப் பார்த்துச் சவரிமுத்துவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"அடேயப்பா, கிடைச்சிருச்சா! தகட்டைக் கொண்டாங்கண்ணே, நான் தீட்டித் தர்றேன். ஒண்டியா எவ்வளவு நேரம் தேய்ப்பீங்க?"

தீட்டியும் கொடுத்தார். பாவி மனுஷன், ஒரு சுடுசொல் சொல்லியிருந்தாலாவது பொன்னுத்துரைக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"உனக்குச் சக்கரம் கிடைச்சுதா?" என்று கேட்டார், கேட்காமல் இருக்க முடியாமல்.

"எங்கண்ணே! நாலு ஊர் சுத்திட்டேன்."

"கிடைக்கும், கிடைக்கும்."

புதன்கிழமை சாயங்காலம் பொன்னுத்துரையின் பலகை கண்ணாடி மாதிரி இருந்தது. சவரிமுத்துவின் பலகை அறுத்த சொரசொரப்போடு சுவரில் சாய்ந்திருந்தது. அவர் அன்றும் சக்கரம் தேடி வெளியூர் போயிருந்தார்.

பொன்னுத்துரை குருவிடம் போனார்.

"ஆசாரி, அந்தப் பலகையையும் நானே இழைச்சிடட்டுமா?"

"கூடாது. கட்டுப்பாடு தெரியும்ல?"

"அப்போ நீங்க இழைங்க."

"எனக்கும் அதே கட்டுப்பாடுதான்."

"உங்க வாக்கு?"

"போகும்."

பொன்னுத்துரைக்குச் சுருக்கென்றது. குரல் உயர்ந்துவிட்டது.

"சவரிமுத்துவாலதானே போகுது! என் பலகையில குறை உண்டா, சொல்லுங்க."

ஆசாரி பலகையை மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தார்.

"ஒரு குறையும் இல்லைண்ணே. நல்ல வேலை. மரியாதை உங்களுக்குத்தான்."

இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை நாள் ஏங்கியிருக்கிறார்! காதில் விழுந்ததும் மற்றதெல்லாம் மறந்துபோனது.

"அப்போ என் பலகையை மட்டுமாவது நாளைக்கு மாட்டிடலாமே, ஆசாரி?"

"தாராளமா மாட்டலாம்."

ஆசாரி கையிலிருந்த மரத்தூளைத் தட்டினார். பொன்னுத்துரையின் புடைத்திருந்த மடியை ஒரு தரம் பார்த்தார்.

"மாட்டிட்டு, வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடுங்கண்ணே. திருடன் வந்தா, உங்க பலகை இருக்கிற பக்கமா மட்டும் வரச் சொல்லணும்னு."

பொன்னுத்துரையின் கை மடிக்குப் போனது.