சட்டத்துக்குள் வந்த சந்தியாகு

சங்குமுனைக் கடற்கரையில் சந்தியாகு, கித்தேரியான், இன்னாசி என்று மூன்று பேர் இருந்தார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்வதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. அதுதான் ஊருக்குத் தொந்தரவு. 'வலை காயுது, பார்த்துக்கங்க' என்று சொல்லிவிட்டுப் போனால், வலை காய்கிற வரைக்கும் மூன்று பேரும் கண் சிமிட்டாமல் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

அந்த ஊர்க் குடாவை மண் கொட்டித் தூர்க்க ஒரு கம்பெனி வந்தது. தூர்த்தால் மீன் போகும், நண்டு போகும், பிழைப்பும் போகும். அதிகாரிகள் பார்வையிட வரும் நாளில், பூங்கோதை என்கிற கடல் ஆராய்ச்சி மேடம் காலையிலேயே வந்து சேர்ந்தார்.

"மணலுக்குள்ள வகைவகையா புழு இருந்தா, குடா உயிரோட இருக்குன்னு அர்த்தம். அதைக் காட்டிட்டா இவங்களைத் தடுத்துடலாம்" என்றார்.

ஊர் முழுக்கக் கடலுக்குப் போயிருந்தது. உதவிக்கு அகப்பட்டது இந்த மூன்று பேர்தான்.

மேடம் ஒரு பெரிய சதுர இரும்புச் சட்டத்தையும் மண் அள்ள ஒரு புட்டியையும் கொடுத்தார். "நல்ல இடமாப் பார்த்துப் பொறுக்கக் கூடாது. கண்ணை மூடிக்கிட்டு இந்தச் சட்டத்தை வீசுங்க. விழுந்த இடத்துல, சட்டத்துக்குள்ள இருக்கிற எல்லாத்தையும் மண்ணோட அள்ளிட்டு வாங்க. வெளியே இருக்கிறதைத் தொடாதீங்க. புழுவுக்கு முதுகெலும்பு இருக்காது, தெரியுமில்ல?"

தெரியும் என்று மூன்று தலைகளும் ஆடின. அதிகாரிகளுக்காகக் கரையில் போட்டிருந்த கொட்டகைக்கு மேடம் போனார்.

மூவரும் கண்ணை மூடினார்கள். இன்னாசி வீசினார்.

"விழுந்துச்சா?" என்றார் கித்தேரியான்.

"கண்ணு மூடியிருக்கே, எப்படித் தெரியும்?"

"திறக்கச் சொன்னாங்களா?"

"மூடத்தான் சொன்னாங்க."

சரி என்று இருவரும் மணலில் தவழ்ந்து தடவித் தேடினார்கள். கித்தேரியான் கையில் வழுவழுவென்று ஒன்று அகப்பட்டது. "புழு! நல்ல நீளமான புழு!" என்று இழுத்தார். புழு குரைத்தது. "குரைக்கிற வகை" என்று இன்னாசி மனதில் பதித்துக்கொண்டார். அது கித்தேரியானின் முழங்கையைக் கவ்வியதும் கண்கள் தாமாகவே திறந்துகொண்டன. மேடம் சொல்லைத் தட்டிவிட்டோமே என்று அவருக்கு ரொம்ப வருத்தம்.

அவர் போட்ட அலறலில் மற்ற இருவரும் கண்ணைத் திறந்தார்கள். அப்போதுதான் சட்டத்தைப் பார்த்தார்கள். சந்தியாகுவின் தலைவழியாக இறங்கி, அவர் காலைச் சுற்றி மணலில் கிடந்தது. நடுவில் சந்தியாகு நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, நீங்க சட்டத்துக்குள்ள இருக்கீங்க" என்றார் இன்னாசி.

சந்தியாகு குனிந்து பார்த்தார். "ஆமா. சட்டம்னா சட்டம்தான். என்னையும் அள்ளிர வேண்டியதுதான்."

"புழுவைத்தானே கேட்டாங்க?"

"அதைச் சொல்லு. எனக்கு முதுகெலும்பு இருக்கா, பாரு."

இன்னாசி முதுகைத் தடவினார். "ஏதோ தட்டுப்படுது. எலும்பான்னு தெரியலை."

"வீட்டுல இல்லைன்னுதான் சொல்றா" என்றார் சந்தியாகு. "தினமும் சொல்றா."

"ஞானப்பூ மதினி பொய் சொல்ல மாட்டாங்க" என்று கித்தேரியான் முடித்துவைத்தார்.

புட்டியில் சந்தியாகு அடங்கவில்லை. ஒரு தண்ணீர் டிரம்மைக் கொண்டுவந்து, அவரை உள்ளே இறக்கி, சட்டத்துக்குள் இருந்த ஈர மண்ணை இடுப்புவரை கொட்டி, தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். கொட்டகையில் அதிகாரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

மேடம் டிரம்மை ஒரு சுற்று சுற்றி வந்தார். "இது என்ன?"

"என்ன வகைன்னு நீங்கதான் சொல்லணும்" என்றார் சந்தியாகு பணிவாக.

மேடம் தலையில் கையை வைத்தவர், அப்படியே டிரம்முக்குள் குனிந்தார். மண் நெளிந்துகொண்டிருந்தது. அள்ளிச் சலித்தார். தலையில் இறகு விரித்த புழு, மணலால் குழாய் கட்டிய புழு, சிவப்பு நூல் போன்ற புழு, விளிம்பெல்லாம் கால் வைத்த புழு. சந்தியாகுவின் கால்விரல் இடுக்கிலிருந்து மட்டும் பச்சையாக ஒன்று வந்தது. சின்னப் புட்டியில் அள்ளியிருந்தால் இவ்வளவு வந்திருக்காது.

அதிகாரிகள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். குடா உயிரோடு இருப்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. கம்பெனி லாரிகள் திரும்பிப் போயின. சாயங்காலத்துக்குள் கரையில் ஒரு பலகை நட்டார்கள்: 'பாதுகாக்கப்பட்ட பகுதி. இங்குள்ள உயிரினங்களை எடுத்துச் செல்லக் கூடாது. உணவு போடக் கூடாது.'

ஜீப்பில் ஏறும்போது மேடம் சொன்னார்: "எடுத்ததையெல்லாம் எடுத்த இடத்திலேயே பத்திரமா விட்டுடுங்க."

விட்டார்கள். புழுக்களை விட்டார்கள். சந்தியாகுவையும் அதே இடத்தில் நிறுத்தி, இடுப்புவரை மணலை அணைத்துவிட்டார்கள்.

ஞானப்பூ தேடிக்கொண்டு வந்தாள். "என்னய்யா கோலம் இது? வெளியே ஏறி வீட்டுக்கு வா!"

"கையை எடு. நான் பாதுகாக்கப்பட்டவன்" என்றார் சந்தியாகு.

"எடுத்துட்டுப் போகக் கூடாது மதினி, பலகையைப் பாருங்க" என்று இன்னாசி குறுக்கே நின்றார்.

ஞானப்பூ தலையில் அடித்துக்கொண்டு போய், சட்டியில் சோறும் மீன் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். மற்ற இருவரும் பலகையை மறுபடி எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். உணவும் போடக் கூடாது. சோற்றை வீணாக்கினாலும் பாவம். வேறு வழியில்லாமல் அங்கேயே உட்கார்ந்து இருவரும் சாப்பிட்டார்கள்.

சந்தியாகு ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவர்கள் சட்டியை வழித்துக்கொண்டிருக்கும்போது மட்டும் கேட்டார்:

"குழம்புல உப்பு சரியா இருக்கா?"